மாடி அக்காவின் டயல் டோன்

போனை எடுத்துக் காதில் வைத்து, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல், "இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப வைக்கிற ஒரே ஆளை நான் பார்த்தது ராஜபாளையத்தில்தான். எங்கள் முதலாளியின் அக்கா அவர். கீழே ஆபீஸ், மேலே வீடு. முதலாளி அவரை அக்கா என்று கூப்பிட்டதால் ஆபீசில் எல்லோருக்குமே அவர் மாடி அக்காதான். காலையில் பால் காய்ச்சியதும் ஒரு தடவை போனை எடுப்பார். குளித்து வந்ததும் ஒரு தடவை. மத்தியானம் தலைசாய்க்கப் போகுமுன் ஒன்று, எழுந்ததும் ஒன்று. டயல் டோன் கொர்ரென்று கேட்டால் "இருக்கு." அப்போது அந்த முகத்தில் வருகிற நிம்மதியைப் பார்த்தால், யாரோ வரன் அமைந்த சேதி சொன்னார்கள் என்று நினைப்பீர்கள்.

போன் மட்டும் என்றால் பரவாயில்லை. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார், அடைத்த கேஸை மறுபடி திருகிப் பார்ப்பார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் விளக்கைப் போட்டு, கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பார்.

"ஃபேன் சுத்துதே அக்கா, பொறவு என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது பழைய வேகத்துல செத்த நேரம் சுத்தும்டி. அதை நம்ப முடியுமா?" என்றார்.

எனக்குப் பொறுமை கிடையாது. இப்போதும் கிடையாது, அப்போது சுத்தமாகக் கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு அந்த ஆபீசில் சேர்ந்தேன். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், தினமும் பஸ்ஸில் போய் வருவேன். மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணியைத் தறிக்காரர்களிடம் வாங்கி, வெளுத்து, சுருட்டி, வெளிநாட்டுக்கு அனுப்புகிற சின்ன நிறுவனம். மொத்தமே நாலைந்து பேர்தான். இன்வாய்ஸ் அடிப்பது, டெலக்ஸுக்கும் ஃபேக்ஸுக்கும் ஓடுவது, தறிக்காரரிடம் கத்துவது எல்லாம் நான்தான். மாடியில் இருந்து அந்த "இருக்கு" கேட்கும்போதெல்லாம், "இல்லாம எங்க போகும்?" என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஒருதரம் காய்ச்சல் என்று லீவு சொல்லி அனுப்பியிருந்தேன். மத்தியான வெயிலில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. பார்த்தால் மாடி அக்கா. பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, இறங்கி, தெருப்பெயரை விசாரித்து ஆட்டோவில் வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றினார், நேரே உள்ளே வந்தார், என் கழுத்தில் புறங்கையை வைத்தார்.

"இருக்கு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதிக் காய்ச்சல் அப்போதே விட்டிருக்கும். "நான் பொய் சொல்லுதேன்னு வேவு பாக்க வந்தீங்களாக்கா?"

"ஏட்டி, காய்ச்சல்னு தம்பி சொன்னான். எம்புட்டுன்னு சொல்லலை. அதான் வந்தேன்." மடியில் இருந்து நாலு சாத்துக்குடியை எடுத்து வைத்தார். அம்மா போட்ட காபியைக் குடித்தார். அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். நான் சாத்துக்குடியை உரித்துக்கொண்டே அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மாதான், "திட்டுதவ அதைத் திங்காம திட்டு" என்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஆபீசில் இருந்து நாங்களும் போயிருந்தோம். மாலை போட்டாயிற்று, ஊரே கூடி அழுதுகொண்டிருக்கிறது. மாடி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்து, அவர் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தார். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. வைத்த விரலைக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு நிமிர்ந்து, "இல்லை" என்றார். அவர் வாயில் இருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். மறுபடி அழ ஆரம்பித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பெரியவரோடு எனக்குப் பழக்கமே கிடையாது.

இதற்கெல்லாம் ஒரு காரணத்தை நானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் ஆலங்குளம் சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். எண்பதுகளில் ஒரு அடைமழையின்போது, வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். அக்கா அன்றைக்குத் தம்பி வீட்டுக்கு வந்திருந்ததால், அங்கிருந்து இந்த வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மழையில் லைன் செத்துக் கிடந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆள் வந்து சேதி சொல்லி, அக்கா போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகன் அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. அதற்குப் பிறகுதான் மகனையும் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டு மாடிக்குக் குடிவந்தார். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. அதனால்தானே அக்கா இப்படி எடுத்து எடுத்துப் பார்க்கிறீர்கள் என்று குரலைத் தழைத்துக்கொண்டு கேட்டேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "போடி இவளே. கலியாணத்துக்கு முன்னாலயே நான் இப்படித்தான். தாலி கட்டி முடிச்சதும் மூணு முடிச்சும் விழுந்திருக்கான்னு கையை விட்டுத் தடவிப் பாத்தவ நான். பக்கத்துல உக்காந்திருந்த அவிய மேடையிலயே சிரிச்சுட்டாவ."

என் பச்சாதாபம் எல்லாம் அத்தோடு போயிற்று.

தொண்ணூறுகளின் கடைசியில் வெளிநாட்டு வியாபாரி, இனிமேல் ஃபேக்ஸ் வேண்டாம், எல்லாவற்றையும் ஈமெயிலில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன். ஆபீசில் இரண்டு கம்ப்யூட்டரும் வந்திருந்தன. "மோடம் ஒண்ணு வாங்கிப் போட்டா போதும் சார், நான் பாத்துக்கிடுதேன்" என்று முதலாளியிடம் வாய் விட்டேன். அவருக்கு அரை மனசு. அவர் மனைவி வழியில் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்த பையன் ஒருவன் வேலை தேடிக்கொண்டிருந்தான். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாரு. ஓடலைன்னா அவனை வரச்சொல்லிருதேன்" என்றார். அவன் வந்தால் என் நாற்காலி அவனுக்குத்தான். அந்த வேலைக்கு ஆபீசில் இருந்ததே அந்த ஒரு நாற்காலிதானே.

மதுரையில் இருந்து ஆள் வந்தார். போன் லைன் வழியாகக் கம்ப்யூட்டரைப் பேசவைக்கிற அந்த மோடம் சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்கு. பின்பக்கம் டெலிபோன் வயர் ஒரு ஓட்டையில், ஆபீஸ் போன் இன்னொரு ஓட்டையில், கம்ப்யூட்டருக்குத் தடித்த கேபிள். ஃபிளாப்பியைப் போட்டார், எதையெதையோ தட்டினார். டோன் என்று இருந்த டயல் முறையைப் பல்ஸ் என்று மாற்றினார், நம்பர் போனது. கிய்ய்... கொர்ர்... டங்கு டங்கு என்று ஒரு சத்தம். விளக்கு எல்லாம் எரிந்தது. கனெக்ட் ஆகிவிட்டது! முதலாளி தேங்காய் உடைத்தார். மதுரைக்காரர் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார். அவர் பஸ் கிருஷ்ணன்கோயிலைத் தாண்டியிருக்காது, கனெக்ஷன் அறுந்தது.

அப்புறம் அறுந்துகொண்டே இருந்தது. கடிதத்தை அடித்து அனுப்பச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், பாதி போய்க்கொண்டிருக்கும்போது விளக்கு அணையும். மறுபடி கிய்ய், கொர்ர். மறுபடி அணையும். கேபிளை மாற்றினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் இருந்து ஃபிளாப்பி போட்டேன். மதுரைக்குப் போன் போட்டால் உங்கள் லைன் சரியில்லை என்றார். லைன்மேனைக் கூப்பிட்டால், அவர் கம்பம் ஏறி இறங்கி, லைன் தங்கமா இருக்கு, உங்க பெட்டிதான் சரியில்லை என்றார். லைன்மேன் இருந்தவரைக்கும் ஒருதரம்கூட அறுந்துபோகவில்லை. மாடி அக்கா கீழே இறங்கி வந்து, அவர் கம்பத்தில் ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாசக் கடைசி நெருங்கியது. முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் காலண்டரையும் பார்த்தார். ஒரு முற்பகலில் விளக்கு அணைந்த அந்த நொடியே, வந்த எரிச்சலில் ஆபீஸ் போனை வெடுக்கென்று எடுத்தேன். காதுக்குள் டொக் டொக் டொக் என்று யாரோ போன் வைக்கிற கொக்கியைத் தட்டுகிற சத்தம். டயல் டோன் வந்தது. அதற்கு மேலே, மூச்சு வாங்குகிற ஒரு குரல்:

"இருக்கு."

படி ஏறினேனா பறந்தேனா தெரியாது. மாடியில் இருக்கிற போன் தனி லைன் இல்லை, ஆபீஸ் லைனில் இருந்தே இழுத்த பேரலல். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் போட்டு, மேலே வெள்ளையடித்து வெள்ளையடித்துச் சுவரோடு சுவராகப் போன வயர். அது இருக்கிற நினைப்பே எங்கள் யாருக்கும் இல்லை. அங்கே எடுத்தால் இங்கே அறுந்துபோகும்.

"அக்கா! போனை எடுத்தீங்களா?"

"எடுக்காம? பத்து நாளாவே லைனுக்கு ஒடம்பு சரியில்லைடி. எடுத்தா ஆட்டுக்குட்டியைக் கழுத்தைத் திருகுத மாதிரி ஒரே சத்தம். நாந்தான் தட்டித் தட்டிச் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன். முன்னெல்லாம் நாலு தடவை பாப்பேன். இப்போ அதுக்கு எப்போ வருமோன்னு உக்காந்தே இருக்க வேண்டியிருக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "உங்க லைன்மேன் வந்து என்ன கிழிச்சான்? கடைசில பாரு, நான்தான் சரி பண்ணுதேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளியிடம் சொன்னேன். மில்காரர்களிடமே மேசையைத் தட்டிப் பேசுகிற மனுஷன். "மாடி வயரை வெட்டிரச் சொல்லு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்களே அக்காட்ட சொல்லிருங்க சார்" என்றேன். "நீயே சொல்லிரு" என்றார். யாரும் வெட்டவில்லை. நான்தான் மாடிக்குப் போய்ப் பேசினேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "இது ஓடுதப்போ எம்பய கூப்பிட்டா?"

மகன் பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ மலையில் இருந்தான். மாசத்துக்கு ஒன்றோ இரண்டோ போன் வரும். நாள், நேரம் எதுவும் கிடையாது.

"எங்கேஜ்ட் சத்தம் கேக்கும்க்கா. செத்த நேரம் கழிச்சுக் கூப்பிடுவார்."

"ஒரு போனுக்கு அம்புட்டுப் பேரும் வரிசையில நிப்பாவளாம்டி. எங்கேஜ்டுன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டு வரிசையை விட்டு வந்துரணும். செத்த நேரம் கழிச்சுன்னு நீ சுளுவாச் சொல்லுத."

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும்தான் எனக்கு. கனெக்ட் செய்யுமுன் படிக்கட்டுக்கு அடியில் நின்று, "அக்கா, போடப் போறேன்" என்று சத்தம் கொடுப்பேன். முடித்ததும், "வச்சிட்டேன்க்கா." மேலே போனை எடுக்கிற சத்தம் கேட்கும். "இருக்கு." அதற்குப் பிறகு கனெக்ஷன் ஒருநாள்கூட அறுந்துபோகவில்லை. கோயம்புத்தூர் பையன் வரவில்லை. நாற்காலி தப்பியது.

அடுத்த கோடையில் வடக்கே எல்லையில் சண்டை தொடங்கியது. பேப்பரில் தினமும் மலைகளின் படம் வந்தது. சேத்தூர்ப் பக்கம், வத்திராயிருப்புப் பக்கம் எல்லாம் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் நிறைய; பஸ்ஸில் பேச்சே அதுதான். அக்காவின் மகனிடம் இருந்து போன் வருவது நின்றுபோனது. கடிதமும் இல்லை. நான் காலையில் போடுவதை நிறுத்திக்கொண்டேன். சாயங்காலம் மட்டும், வியாபாரியின் அவசரக் கடிதங்களை அனுப்பிவிட்டு உடனே வைத்துவிடுவேன்.

ஒருநாள் "வச்சிட்டேன்க்கா" என்றேன். மேலே இருந்து ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். சத்தமே இல்லை. பயந்துபோய் ஏறினேன். அக்கா போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்திருந்தார்.

"எடுத்துப் பாக்கலையாக்கா?"

"எடுத்தா எங்கேஜ்ட் ஆயிருமே. நான் எடுக்குத அந்த நேரம் பாத்து அவன் கூப்பிட்டுட்டா?"

நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அவர் கை அந்தப் போனுக்குப் போகாமல் இருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கோத்த விரல்கள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டே இருந்தன. காய்ச்சலுக்கு ஊர் விட்டு ஊர் வந்து தொட்டுப் பார்த்த மனுஷி!

யோசனையும் அவரேதான் சொன்னார். "ஏட்டி, நீ பஸ் ஏறுததுக்கு முன்னால பூத்துல இருந்து நம்ம நம்பரைப் போடு. மணி அடிச்சதும் வச்சிரு. நான் எடுக்க மாட்டேன். மணி கேட்டா லைன் இருக்குன்னு தெரிஞ்சுக்கிடுதேன்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், ஆபீசைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்ட் எஸ்.டி.டி. பூத்தில் இருந்து அடிப்பேன். பூத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். சிலநாள் ஒரு மணியில் வைப்பேன். சிலநாள் பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே மூன்று நாலு மணி அடிக்க விட்டுவிடுவேன். "எத்தனை அடிச்சாலும் அந்த நேரத்துக்கு வாரது நீதான், எனக்குத் தெரியும்" என்பார் அக்கா.

ஒரு சாயங்காலம் வியாபாரி லேபிள் படங்களைக் கேட்டிருந்தார். படம் என்றால் அந்த மோடம் நத்தைபோலத்தான் அனுப்பும். ஒருவழியாக அனுப்பி முடித்து, "வச்சிட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டருக்கு உறை போட்டேன். என் பஸ் போயிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று, மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு நான் கிளம்பிவிட்டதாகத்தான் நினைப்பு.

போன் அடித்தது.

மேலே இருந்து அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது. "இருக்கு."

இரண்டாவது மணி. மூன்றாவது மணி. எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. நான் இங்கே இருக்கிறேன். அப்படியென்றால் பூத்தில் யார்?

"அக்கா!" தொண்டை கிழியக் கத்தினேன். "நான் இங்கனதான் இருக்கேன்! நான் போகலைக்கா! எடுங்க! அது நான் இல்லை, எடுங்க!"

நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. ஐந்தாவது மணி பாதியில் நின்றது.

அக்கா எடுத்ததால் நின்றதா, அந்தப் பக்கம் வைத்ததால் நின்றதா? ஆபீஸ் போன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எடுத்துக் காதில் வைத்தால் தெரிந்துவிடும். ஒரே ஒரு நொடி. ஐயோ, எடுத்துப் பார்க்கக் கை பரபரத்த பரபரப்பு எனக்குத்தான் தெரியும். அக்கா இத்தனை வருஷமும் எதைத் தாங்கமாட்டாமல் எடுத்தார் என்பது அந்த நேரத்தில் எனக்கு நன்றாகவே விளங்கியது. கையைக் கட்டிக்கொண்டு மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெகுநேரம் கழித்துப் படியில் காலடி கேட்டது. அக்கா இறங்கி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வாய் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் கோணிக்கொண்டு நின்றது.

"நல்லாருக்கான்டி. கால்ல சின்னக் காயமாம். கீழ எறக்கி ஆஸ்பத்திரியில வச்சிருக்காவளாம்."

"என்ன சொன்னார்க்கா?"

"முன்னாலயே ரெண்டு நாள் சாயங்காலம் போட்டானாம். எங்கேஜ்டாம்."

சாயங்காலம் எங்கேஜ்ட் என்றால் அது என் மோடம்தான். "ஐயோ அக்கா..." என்றேன்.

"என்ன ஐயோ? கேளு. ஏலே ராசா, திரும்பக் கூப்பிட முடியாமத் தவிச்சுப் போயிருப்பியேன்னு கேட்டேன். அதுக்கு என்ன சொல்லுதான் தெரியுமா? எதுக்கும்மா தவிக்கணும், எங்கேஜ்டுன்னா போன் இருக்கு, வீட்டுல ஆள் இருக்கு, பேசிக்கிட்டு இருக்காவ, அது தெரிஞ்சா போதும்னு வச்சிட்டேன்னு சொல்லுதான்."

சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். இப்போது அழுகை வந்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

"அவனும் எடுத்துப் பாத்துட்டு வச்சிருக்கான்டி" என்றார். "எம்புள்ளைல்லா!"

மறுநாள் காலையில் நான் ஆபீஸ் திறந்ததும் மாடியில் இருந்தே குரல் வந்தது. "ஏட்டி, இன்னைக்கு நீ எம்புட்டு நேரம் வேணும்னாலும் போட்டுக்கோ." போட்டேன். தேங்கிக் கிடந்த கடிதம் எல்லாவற்றையும் அனுப்பி முடித்துவிட்டு, படிக்கட்டுக்கு அடியில் போய் நின்று, "வச்சிட்டேன்க்கா" என்றேன்.

மேலே போனை எடுக்கிற சத்தம் கேட்டது. நான் நின்ற இடத்தில் நின்றபடியே காத்திருந்தேன்.

"இருக்கு" என்றார்.